பாசி எடுக்கும் கைகள்: பாம்பன் கரையில் ஒரு சினைப்பைப் புற்றுநோய், நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரியவர் என் அண்ணன் மனைவி. பெயர் தேவையில்லை; மதினி என்றே குறிப்பிடுகிறேன். நோய் தெரிந்தபோது அவருக்கு வயது 52. பாம்பன் தீவின் தென்கரையில் உள்ள ஒரு குடியிருப்பில் பிறந்து, சிறு வயது முதல் மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுத்து வந்தவர். அண்ணன் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். நான் அதே வட்டாரத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். எனவே இந்த நோயை வீட்டு ஆளாகவும் மருத்துவப் பணியாளராகவும் ஒரே நேரத்தில் பார்க்க நேர்ந்தது. அந்த இரண்டு பார்வைகளும் ஒன்றையொன்று எத்தனை முறை ஏமாற்றின என்பதும் இந்தப் பதிவில் அடங்கும். எழுதலாமா என்று கேட்டபோது, "நம்ம பொம்பளைக நாலு பேரு தெரிஞ்சுக்கிட்டாச் சரி, பேரை மட்டும் போட்டுறாத ஆத்தா" என்றார்.

மருத்துவக் கோப்பின்படி 2023 ஜூலையில் அவர் உடலில் நோய்க்கான அடையாளம் இல்லை. யாருக்கும் தெரியாமல் இறங்கிய ஒரு நாளைத் தவிர, அவர் மறுபடி கடலில் இறங்கியது 2025 பிப்ரவரியில். இடைப்பட்ட 19 மாதங்களைப் பற்றி அந்தத் தடித்த கோப்பில் சில வரிகளே இருக்கின்றன. நான் எழுத முனைந்தது பெரும்பாலும் அந்த மாதங்களுக்காகத்தான் என்றாலும், முன்கதை இல்லாமல் அவை விளங்கா.

முடிச்சு எட்டாத கயிறு

எங்கள் பக்கத்துப் பெண்கள் பாசிக்குப் போகும்போது சேலைக்கு மேல் சட்டை அணிந்து, விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றி, ரப்பர் செருப்பும் கண்ணாடியும் போட்டு, வலைப்பையைக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். 2022 ஆகஸ்டில் மதினியின் கயிறு வழக்கமான இடத்தில் முடிச்சு விழவில்லை. இரண்டு விரல் அளவு போதவில்லை. உடம்பு போட்டுவிட்டது என்று கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் அவருடைய கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்றும், படகில் போகும்போது அடிக்கடி சிறுநீர் வருவது போல் இருக்கிறது என்றும் சொன்னார். நான் வாயுத்தொல்லை என்று நினைத்து, பான்டோபிரசோல் மாத்திரையைக் கையில் கொடுத்தேன். பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள செவிலியர் செய்தது அதுதான். மருந்துக் கடையில் கேட்டிருந்தாலும் அதையே கொடுத்திருப்பார்கள் என்பது எனக்கு ஆறுதல் ஆகாது.

வயிறு உப்புதல், சாப்பிடத் தொடங்கியதும் நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருதல் ஆகியவை எந்தப் பெண்ணுக்கும் எப்போதாவது வருபவை. ஓராண்டுக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் நீடித்தால்தான் சினைப்பையைச் சந்தேகிக்க வேண்டும் என்று 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வரையறுத்தது. இந்த அறிகுறிகளைக் கேட்டுப் பார்ப்பதற்கு மேல், நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கென எல்லாப் பெண்களுக்கும் செய்யத்தக்க பரிசோதனை இந்தப் புற்றுநோய்க்கு இன்றுவரை இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இருப்பதைப் போல இதற்கும் இருக்கும் என்று நம்பி, "போன வருசம்தான் கேம்ப்ல பாத்தாங்க, ஒண்ணும் இல்லைன்னாங்க" என்று சொல்லும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த முகாமில் பார்த்தது வேறு உறுப்பை.

நவம்பரில் வயிறு பானை போல் ஆனது. ஸ்கேனில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு 1,140; வழக்கமான உச்ச வரம்பு 35. இந்த எண் புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. வயிற்றுக் காசநோயிலும் நீர் கோக்கும், உடல் மெலியும், இதே எண் பல நூறுகளுக்கு ஏறும். நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் காசநோய் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்றார்கள். அண்ணனின் முகம் தெளிந்ததை நான் மறக்கவில்லை. ஆறு மாத மாத்திரையில் தீரும் நோய் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? வயிற்றிலிருந்து எடுத்த நீரில் காசநோயில் கூடும் ஏடிஏ என்ற நொதியின் அளவு குறைவாக இருந்ததையும், அந்த நீரின் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னவர் அங்கே பணியிலிருந்த ஓர் இளம் மருத்துவர். 11 நாட்களில் முடிவு வந்தது: புற்றுச் செல்கள். அந்த இளைஞர் வற்புறுத்தாமல் இருந்திருந்தால், காசநோய் மாத்திரை பலிக்கவில்லை என்று தெரியவே இரண்டு மாதங்கள் போயிருக்கும்.

மதுரையில் எடுத்த சிடி ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் கட்டி, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை முழுவதும் தடித்த அடை போல் மாறியிருந்தது, உதரவிதானத்தின் அடிப்பரப்பில் பொட்டுப் பொட்டாகப் படிவுகள். இடுப்புக்கூட்டைத் தாண்டி வயிற்று உறையில் 2 செ.மீ.க்கு மேற்பட்ட படிவுகள் இருந்ததால் 3சி நிலை எனக் குறித்தார்கள். திசுச் சோதனையில் உயர்தர சீரஸ் வகை, அதாவது வேகமாக வளர்ந்து பரவும் வகை, என்று வந்தது. சினைப்பைப் புற்றுநோய்களில் மிகவும் பரவலானது இந்த வகை. இதில் பெரும்பகுதி உண்மையில் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பது இப்போது பொதுவாக ஏற்கப்படும் கருத்து.

வீட்டில் எல்லோரும் "கட்டி" என்று மட்டும் சொல்வது என்று பேசி முடிவு செய்தோம். மூன்றாம் நாள் மதினி என்னிடம், "ஆஸ்பத்திரி வாசல்ல எழுதிப்போட்ருக்கு. நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சவ" என்றார். அதன் பிறகு ஒளிக்கவில்லை. ஒளித்த அந்த மூன்று நாளும் அவருக்கு எதையும் இலேசாக்கவில்லை. எங்களுக்குத்தான் வசதியாக இருந்தது.

முதலில் மருந்து, பிறகு கத்தி

உறவினர்களுக்கு விளங்காமல் போனது, ஏன் உடனே அறுவை செய்யவில்லை என்பதுதான். "முத்திப்போச்சு, அதான் தொடமாட்டேங்குறாங்க" என்று ஊரில் பேச்சு. காரணம் வேறு. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 2.6-க்கு இறங்கியிருந்தது, நீர் நிறைய இருந்தது, படிவுகள் விரிந்து கிடந்தன. அந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியுமா என்பது ஐயம். இத்தகைய நோயாளிகளுக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி இடையில் அறுவை செய்தாலும் ஆயுள் குறைவதில்லை, அறுவையின் சிக்கல்கள் குறைகின்றன என்று 2010-இலும் 2015-இலும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆகவே மூன்று சுற்று, அறுவை, மீண்டும் மூன்று சுற்று என்று திட்டம்.

ஒவ்வொரு சுற்றும் 21 நாள் இடைவெளி. பாக்லிடாக்செல் மூன்று மணி நேரம், அதன்பின் கார்போபிளாட்டின். முதல் மருந்தின் அளவு உடற்பரப்பைக் கொண்டும், இரண்டாவதன் அளவு சிறுநீரகம் வேலை செய்யும் திறனைக் கொண்டும் கணக்கிடப்படுகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுக்கிறார்கள். இதை முன்கூட்டியே சொன்னால் "எத்தனை ரத்தம்தான் எடுப்பாங்க" என்ற சலிப்பு பாதியாகக் குறையும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்களுக்குப் பெரிய துணை. கீமோவும் அறுவையும் அதில் முடிந்தன. அட்டைக்குள் அடங்காதவை பாதைச் செலவு, தங்கும் செலவு, துணைக்குப் போகிறவர் இழக்கும் கூலி ஆகியவை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே வரவில்லை. மதினியின் சிகிச்சைக் காலம் ஏறத்தாழ முழுவதும் அந்த இடைவெளிக்குள் விழுந்தது. 150 கி.மீ.க்கு மேல் பேருந்தில், வாந்திக்கென நெகிழிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவது ஒருபுறம். அங்கே போன பிறகு "வெள்ளையணு குறைவு, ஒரு வாரம் கழித்து வாங்க" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புவது மறுபுறம். ஒருமுறை அப்படித் திரும்பிய பிறகு, இரண்டு நாள் முன்னதாகவே இங்குள்ள பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்து, முடிவைத் தொலைபேசியில் அனுப்பி, "வரலாம்" என்ற பதில் வந்தபின்தான் புறப்பட்டோம். யாரும் சொல்லித் தராத இந்த ஒரு மாற்றம் வேறு எந்த உதவியையும் விட அவருக்குத் தெம்பளித்தது.

இரண்டாம் சுற்றுக்குப் பத்து நாள் கழித்து இரவில் காய்ச்சல். மதினி யாரிடமும் சொல்லாமல் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டார். காய்ச்சல் தணிந்தது, கிருமி தணியவில்லை. காலையில் நான் போனபோது உதடு காய்ந்து, நாடி 120-ஐத் தாண்டியிருந்தது. கீமோ நடக்கும் காலத்தில் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை போட்டுப் பார்ப்பது என்பதே கிடையாது, நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பதை நான் சொல்லியிருந்தேன். ஆனால் அவரிடம் வெப்பமானி இல்லை. ராமநாதபுரத்திலேயே சேர்த்து, நரம்பு வழியாக எதிர்நுண்ணுயிர் மருந்து கொடுத்து ஐந்து நாளில் மீண்டார். மூன்றாம் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது. இப்போது கீமோவுக்குப் போகும் எந்த வீட்டுக்கும் நான் வெப்பமானி வாங்கிக் கொடுத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.

தலைமுடி மூன்றாம் வாரத்தில் கொட்டியது. முழுதாக மழித்துக்கொண்டார். "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கடைத்தெருவில் கேட்டவர்களுக்கு, "எல்லாக் கோயிலுக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உணவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மீன் பிடித்துப் பிழைக்கும் ஊரில், நோயாளிக்கு மீன் ஆகாது, புண் சீழ் பிடிக்கும் என்று அவருடைய பெரியம்மா பத்தியம் வைத்தார். அறுவைக்கு முன் அல்புமினை ஏற்ற வேண்டிய ஆறு வாரத்தில் அவர் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் எழுதிய புரத மாவு டப்பாவின் விலையில் ஒரு வாரத்துக்கு மீன் வாங்கலாம். நான் பெரியம்மாவோடு வாதிட்டுத் தோற்றேன். கடைசியில் அண்ணனே படகிலிருந்து கிழங்கான் மீனைக் கொண்டுவந்து, காரமில்லாமல் நன்றாக வேகவைத்துத் தட்டில் வைத்த பிறகுதான் பத்தியம் உடைந்தது. வாயில் இரும்பு ருசி என்று முதலில் துப்பினார். புளி கூட்டியதும் இறங்கியது.

மார்ச் மாதம் மதுரையில் அறுவை நடந்தது. ஆறு மணி நேரம். கருப்பை, இரு சினைப்பைகள், கருக்குழாய்கள், கொழுப்புத் திரை, வயிற்று உறையில் தெரிந்த படிவுகள் அனைத்தையும் எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மிச்சமில்லை என்று அறுவைக் குறிப்பில் எழுதினார்கள். இந்த நோயில் அந்த ஒரு வாக்கியத்துக்கு உள்ள கனம் பெரிது. அறுவையின் முடிவில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் ஆண்டுகள் அமைகின்றன. மார்புக்கூட்டின் கீழிருந்து அடிவயிறு வரை நீண்ட தழும்பு. ரத்தம் உறையாமலிருக்க 28 நாட்கள் தினமும் வயிற்றுத் தோலில் ஊசி. அதை வீட்டிலேயே நான் போட்டேன்.

மீதி மூன்று சுற்றும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அமைந்தன. படகுகள் கரையில் கட்டிக் கிடக்க, அண்ணன் 61 நாளும் வீட்டில் இருந்தார். சோறு வடித்தார், துணி துவைத்தார். தடைக்காலம் வருமானத்தைக் கெடுப்பது என்றே சொல்லிப் பழகிய எங்கள் வீட்டில் அந்த ஆண்டு மட்டும் அது வேறு மாதிரி நினைவில் நிற்கிறது.

மரத்துப்போன விரல்கள்

நான்காம் சுற்றிலேயே விரல் நுனிகளிலும் பாதங்களிலும் மதமதப்பு தொடங்கியது. பாக்லிடாக்செல் நரம்பின் நீண்ட இழைக்குள் பொருள்களை எடுத்துச்செல்லும் நுண்குழல்களைக் கெடுக்கிறது. நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால் பாதமும் விரலும் முதலில் மரக்கின்றன. ஐந்தாம் சுற்றில் அளவை, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 175-லிருந்து 135 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். ஆனாலும் மருந்து முடிந்த பிறகு சில மாதங்கள் அது கூடிக்கொண்டே போனது. மருத்துவர் கேட்டது, "சட்டைப் பொத்தான் போட முடிகிறதா?" என்று. மதினி சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டினார். கோப்பில் "இலேசான நரம்புப் பாதிப்பு" என்று எழுதப்பட்டது.

அவருடைய தொழிலுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. மரிக்கொழுந்துப் பாசி பவளப் பாறையில் ஒட்டி வளர்வது. மூச்சை அடக்கிக் கீழே போய், பாறையின் இடுக்கில் விரலை விட்டு, வேர்ப்பகுதியை விட்டுவிட்டு மேலேயுள்ளதை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். தண்ணீர் கலங்கினால் கண்ணாடி உதவாது, விரல்தான் கண். பாறை எது, பாசி எது, கடல் முள்ளெலி எது என்பதை நுனிவிரல் சொல்லவேண்டும். பாதமும் அப்படித்தான், வெட்டும் பவளத்தின் மேல் எடையை எங்கே வைப்பது என்று உள்ளங்கால் முடிவு செய்கிறது.

2023 நவம்பரில் யாருக்கும் தெரியாமல் ஒருநாள் இறங்கிவிட்டார். கரைக்கு வந்து மணலில் நடந்தபோது பின்னால் வந்த பெண்தான் ரத்தத்தடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். இடது பாதத்தில் மூன்று அங்குல வெட்டு. அவருக்கு வலி தெரியவில்லை. புண் ஆற ஆறு வாரம் ஆனது. அன்று இரவு அவர் அழுததைப் போல, நோய் தெரிந்த நாளில் கூட அழவில்லை.

இந்த மதமதப்புக்கு உறுதியான மருந்து இல்லை. துலாக்செட்டின் மாத்திரைக்கு எரிச்சல் வலியைக் குறைக்கும் சான்று உண்டு. மரத்துப்போன உணர்வை அது திருப்பித் தராது. எங்களுக்குக் கைகொடுத்தவை எளியவை. நீரிழிவு நோயாளிகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் பாதப் பராமரிப்பை அப்படியே இவருக்கும் சொன்னேன்: தினமும் இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, வெந்நீரை முழங்கையால் தொட்டுச் சோதிப்பது, மீன் ஆயும்போது கத்தியைப் பார்த்துக்கொண்டே ஆய்வது. உடலியக்கப் பயிற்சியாளர் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி தந்தார். விரலுக்கு அவரே ஒன்று கண்டுபிடித்தார். காய்ந்த பாசியைக் கண்ணை மூடிக்கொண்டு வகை பிரிப்பார். கஞ்சிப்பாசி ஒரு குவியல், மரிக்கொழுந்து ஒரு குவியல். முதலில் பாதிக்குப் பாதி தப்பு. 2024 தீபாவளி வாக்கில் பத்துக்கு எட்டு சரி. எந்த மருத்துவமனையின் அளவுகோலையும் விட நான் நம்பியது இதைத்தான்.

மாத்திரையும் எண்ணும்

கீமோ முடிந்தபோது சிஏ-125 14-க்கு வந்திருந்தது. மரபணுச் சோதனையில், பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய மாற்றம் இருப்பது தெரிந்தது. அவருடைய அம்மா "வயித்துக்கட்டி" என்று பெயர் தெரியாத நோயில் இறந்தவர்; அந்த நோயின் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஒலாபாரிப் மாத்திரையை இரண்டு ஆண்டுகள் கொடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகத் தள்ளிப்போகிறது. இதற்கு அடிப்படையான ஆய்வில், ஏழு ஆண்டு முடிவில் மாத்திரை எடுத்தவர்களில் 67 விழுக்காட்டினரும், எடுக்காதவர்களில் 46.5 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். விலை எங்கள் கைக்கு எட்டாதது. ஒரு நோயாளி உதவித் திட்டமும் மதினியின் நகைகளும் சேர்ந்துதான் வாங்க முடிந்தது. நான்காம் மாதம் ஹீமோகுளோபின் 7.6-க்கு இறங்கி, ரத்தம் ஏற்றி, அளவைக் குறைத்துத் தொடர்ந்தோம். களைப்பு கடைசிவரை போகவில்லை. 2025 ஆகஸ்டில் நிறுத்தினார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த ரத்த எண் வீட்டையே ஆட்டிவைத்தது. 14, 16, 15 என்று போய் ஒருமுறை 22 ஆனது. வரம்புக்குள்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை, மூத்த மகள் புகுந்த வீட்டிலிருந்து ஓடி வந்தாள். எண் ஏறியவுடன் மருந்தைத் தொடங்கியவர்களும், அறிகுறி வரும்வரை பொறுத்திருந்து தொடங்கியவர்களும் ஒரே அளவு காலமே வாழ்ந்தார்கள் என்று 2010-இல் வந்த ஆய்வைப் பற்றி மருத்துவர் விளக்கிய பிறகு, மதினி ஒரு முடிவெடுத்தார். முடிவுத்தாளை என் கைக்கு அனுப்பச் சொல்லி, தனக்குச் சொல்லவேண்டாம் என்றார். "ஏதாச்சும்னா உன் மூஞ்சியே சொல்லிரும்." எனக்கு அதில் இப்போதும் சங்கடம் உண்டு, எண்ணைப் பார்த்த நாளில் அவர் வீட்டுக்குப் போவதைத் தவிர்த்துவிடுகிறேன்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுகளில் எந்த மருத்துவரும் கணவன்-மனைவி உறவைப் பற்றி அவரிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. அண்ணனின் தங்கையாக இருந்துகொண்டு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறொரு செவிலியரிடம் அனுப்பியிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

2025 பிப்ரவரியில், நெஞ்சளவு தண்ணீரில், தடித்த அடியுள்ள காலணியோடு அவர் இறங்கினார். அடியில் போய் எடுக்கவில்லை. ஒதுங்கி மிதந்த பாசியை அள்ளினார். இப்போதும் ஆழத்துக்குப் போவதில்லை. காயவைப்பதும் வகை பிரிப்பதும் அவர் பொறுப்பு. கூலி முன்பைவிடக் குறைவு.

பிஆர்சிஏ1 மாற்றம் தாயிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பிள்ளைக்கும்தான். இந்த மாற்றம் உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்கு 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. பிள்ளைப்பேறு முடிந்தபின், 35-க்கும் 40-க்கும் இடையில், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுமாறு பரிந்துரைக்கிறார்கள். மூத்த மகளுக்கு வயது 29, இரண்டு குழந்தைகள். சோதனை செய்தாள், மாற்றம் இருக்கிறது. ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். மாமியார் வீட்டுக்கு இன்னும் தெரியாது. இளையவளுக்கு வரன் பார்க்கிறார்கள். "கல்யாணம் முடியட்டும் அத்தை, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறாள். மதினியும் அவள் பக்கம்தான். நான் வற்புறுத்தவில்லை, நிரப்பாத பரிசோதனைப் படிவம் என் அலமாரியில் இருக்கிறது.